துணை நிற்பவரின் தர்மம்

பெறுதற்கரியது மானிடப் பிறவி என்றும், அப்பிறவியின் பயனை அடைவதற்கு உடம்பே கருவி என்றும் பெரியோர் கூறுவர். கருவியைத் துருப்பிடிக்க விட்டவன் தொழிலைச் செய்ய முடியாது. ஆகையால் உடம்பைப் பேணுதல் கடமை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் நடைமுறையில் காணப்படுவது வேறு. வருடப்பிறப்பன்று நல்லநேரம் பார்த்து நடைப்பயிற்சியைத் தொடங்குபவர் பலர். ஆடி மாதத்திலும் நடந்துகொண்டிருப்பவர் சிலர்.

இவ்வாறு இடையில் தளர்ந்துவிடுபவரைத் தொடர்ந்து செய்யவைப்பது எப்படி என்பது இன்று உடற்பயிற்சி நிலையங்களில் பயிற்றுவிப்பவர்களுக்குப் பெரும் பிரச்சினையாக உள்ளது. நீரிழிவுக் கிளினிக்கில் ஆலோசனை கூறும் வைத்தியருக்கும், தாதிக்கும், வீட்டிலே தந்தையை நடக்கச் சொல்லி அலுத்துப்போன மகளுக்கும் அதே பிரச்சினைதான். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு தொழில் நுணுக்கம் போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் இதற்குள் ஒரு தர்மக் கேள்வி இருப்பது புலப்படும். ஒருவருடைய உடம்பு அவருக்குரியது. அவருடைய விருப்பமும் அவருக்குரியது. அப்படியிருக்க, அவருடைய நன்மையின் பொருட்டு இன்னொருவர் அவரை எவ்வளவு தூரம் தூண்டலாம்? அவர் இடையில் விட்டுவிட்டால் அது யாருடைய தவறு?

உழைப்புப் போய்ப் பயிற்சி வந்தது

முன்னைய தலைமுறையினருக்கு இக்கேள்வி எழவில்லை. விடியுமுன் துலா மிதித்துத் தோட்டத்திற்குத் தண்ணீர் இறைத்தவருக்கும், உரலில் மா இடித்தவருக்கும், கடகத்தைத் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்தவருக்கும் எவரும் வந்து ஊக்கம் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. இறைக்காவிட்டால் பயிர் வாடும், இடிக்காவிட்டால் இரவு பிட்டு இல்லை. வாழ்க்கையே உடம்பை அசைத்தது. பின்னர் நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, மா அரைக்கும் ஆலை வந்தது, சைக்கிள் நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. உடலுழைப்புக் குறைந்ததைக் குறைகூற வேண்டியதில்லை. முதுகு முறிய உழைத்தவர்கள் தம் பிள்ளைகள் அவ்வாறு உழைக்கக் கூடாது என்றுதான் விரும்பினார்கள். ஆனால் உழைப்புப் போன இடத்தில் சீனி வருத்தமும் குருதி அமுக்கமும் வந்து குடிகொண்டன.

உடலசைவின் பெறுமதியை உலகிற்கு முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று 1953 ஆம் ஆண்டு இலண்டனில் இருந்து வெளிவந்தது. ஜெரமி மொரிஸ் என்ற வைத்திய அறிஞரும் அவருடைய குழுவினரும் அந்நகரின் இரட்டைத் தட்டு பஸ் வண்டிகளில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளை விட, படியேறி இறங்கிச் சிட்டை கொடுத்த நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சி செய்வதாக எண்ணி ஏறி இறங்கவில்லை. தொழில் அவர்களை ஏற்றி இறக்கியது. இன்றைய மனிதருக்கு அத்தகைய தொழில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலசைவில் ஈடுபடுதல் வேண்டும். முன்பு வாழ்க்கை செய்வித்ததை இன்று மனவுறுதி ஒன்றினாலேயே செய்யவேண்டியிருக்கிறது. மனமோ எளிதில் சோர்வது. இங்கேதான் துணை நிற்பவரின் தேவை பிறக்கின்றது.

அறிந்தும் செய்யாமை

நடப்பது நல்லது என்று தெரியாதவர் இன்று கிராமத்திலும் இல்லை. தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? இது மிகப் பழைய கேள்வி. கிரேக்க ஞானி சோக்கிரட்டீசர், நன்மையை உண்மையாக அறிந்தவன் அதற்கு மாறாக நடக்கமாட்டான் என்றும், மாறாக நடப்பவனிடம் இருப்பது அறியாமையே என்றும் கருதினார். அவருக்குப் பின் வந்த அரிஸ்டோட்டில் அதை அப்படியே ஏற்கவில்லை. அறிவு இருந்தும் ஆசையினாலும் சோர்வினாலும் தவறுகின்ற மனிதரை அவர் கண்டார். நல்ல குணங்கள் கேட்பதால் வருவதில்லை, செய்து செய்தே வருகின்றன என்பது அவருடைய முடிவு. பதஞ்சலி முனிவரும் மனத்தை அடக்கும் வழிகளாக அப்பியாசத்தையும் வைராக்கியத்தையும் சேர்த்தே வைத்தார்.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. தளர்ந்தவருக்கு மேலும் மேலும் அறிவுரை கூறுவதால் பெரும் பயன் இல்லை. அவர் அறியாதவர் அல்லர். அவருக்குத் தேவைப்படுவது, அறிந்ததைச் செய்கின்ற பழக்கம் வேரூன்றும் வரை அருகில் நிற்கும் ஓர் ஆள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர். சீனி வருத்தம் இருப்பதாக வைத்தியர் கூறிவிட்டார். பட்டணத்திலுள்ள உடற்பயிற்சி நிலையமொன்றில் வருடக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டிச் சேர்ந்துகொள்கிறார். புதுச் சப்பாத்தும் வாங்குகிறார். முதல் மாதம் ஒழுங்காகப் போகிறார். இரண்டாம் மாதம் ஒரு கலியாணவீடு, ஒரு செத்தவீடு, மூன்று நாள் மழை. அதன்பின் போகவில்லை. போகாததால் வெட்கம் வருகிறது. வெட்கத்தினால் இன்னும் போகாமல் விடுகிறார். சில நாட்களில் அந்த நிலையம் இருக்கும் தெருவையே தவிர்த்து வேறு தெருவால் சந்தைக்குப் போகிறார். இவருக்கு அந்தப் பயிற்சியாளர் செய்யவேண்டியது என்ன?

வராதவரின் பணம்

ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்பது முதலாவது விடை. கட்டணம் கட்டியாயிற்று. கதவு திறந்திருக்கிறது. வருவதும் விடுவதும் அவருடைய சுதந்திரம். இது நியாயம் போலவே தோன்றும். ஆனால் இந்த நியாயத்திற்குள் ஒரு கசப்பான கணக்கு ஒளிந்திருக்கிறது.

ஸ்ரெபானோ டெலாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்னும் பொருளியல் அறிஞர்கள் இருவர் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி நிலையங்களில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட அங்கத்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். மாதக் கட்டணமாக 70 டொலருக்கு மேல் செலுத்தியவர்கள் சராசரியாக மாதத்திற்கு 4.3 தடவைகளே வந்திருந்தனர். அதாவது ஒரு வருகைக்கு 17 டொலருக்கு மேல் செலவாயிற்று. ஆனால் பத்து வருகைகளுக்கான சீட்டை வாங்கியிருந்தால் அவர்களுக்கு ஒரு வருகைக்கு 10 டொலரே போதுமாயிருந்தது. இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். நாளைய தம்மை இன்றைய தம்மைவிட உறுதியுள்ளவராக எண்ணியவர்கள். மனிதர் எல்லோருக்கும் உள்ள பலவீனம் இது.

அந்தப் பலவீனத்தினால் ஒருவர் இலாபமடைகிறார் என்றால் அங்கே தர்மம் தலையிடுகின்றது. வந்து பயிற்சி செய்பவரால் இயந்திரம் தேயும், மின்சாரம் செலவாகும். வராதவரால் செலவு எதுவும் இல்லை. ஆகவே வராதவரைத் தேடாமல் விடுவது வியாபாரத்திற்கு நட்டமில்லாத காரியம். சட்டத்தில் இது குற்றமாகாது. ஆயினும் நோயுற்ற ஒருவரிடம் நம்பிக்கையைக் காட்டிப் பணம் வாங்கியவர், அவர் காணாமற்போனதும் ஒரு வார்த்தை விசாரியாமல் இருப்பாராயின், பொருளை விற்றுவிட்டு அதன் பயனை மறைத்துக்கொண்டவராகவே கருதப்படுவார். சேர்வதற்கு முன்பே, ஒரேயடியாக வருடத்துக்குக் கட்டாதீர்கள், ஒரு மாதம் வந்து பாருங்கள் என்று சொல்பவரே நேர்மையான பயிற்சியாளர்.

சிவப்புக் கோடு

அதட்டிக் கொண்டுவரவேண்டும் என்பது இரண்டாவது விடை. நடக்காவிட்டால் கால் கழற்றவேண்டி வரும் என்று பயமுறுத்துவதும், நாலுபேர் முன்னிலையில் வயிற்றைக் காட்டிப் பகிடி பண்ணுவதும், வராத நாளுக்குத் தண்டப்பணம் அறவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்தன. இதனால் உடனடிப் பலன் கிடைக்கும் என்பதை மறுக்க முடியாது.

அரசாங்கக் கந்தோர்களில் வரவு இடாப்பிலே குறித்த நேரத்திற்குச் சிவப்புக் கோடு கீறப்படுவதைப் பலரும் அறிவர். கோட்டுக்கு மேலே கையொப்பம் இடவேண்டும் என்ற பயத்தினால் உத்தியோகத்தர்கள் ஓடோடி வருவர். கோட்டினால் ஆள் வந்து சேரும் என்பது உண்மை. வந்த ஆள் மனம் வைத்து வேலை செய்வது கோட்டினால் நடப்பதன்று. கோடு கீறுபவர் விடுமுறையில் நின்ற நாளில் யார் நேரத்திற்கு வந்தார்கள் என்பதைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இளைப்பாறிய பின் கோடே இல்லை. அப்போது காலையில் எழுந்து ஒரு காரியத்தைச் செய்பவர், கோட்டுக்காக அன்றி அந்தக் காரியத்துக்காகவே செய்யப் பழகியவர்தான்.

பயத்திற்கு மட்டுமன்றிப் பரிசுக்கும் இது பொருந்தும். எட்வேர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிர் விளையாட்டொன்றில் இயல்பாகவே ஆர்வம் கொண்டிருந்த மாணவர்களுக்கு, அதைச் செய்தால் பணம் என்று கொடுத்துப் பார்த்தார். பணம் நிறுத்தப்பட்டபோது அவர்களுடைய ஆர்வம் முன்னிருந்ததைவிடக் குறைந்து காணப்பட்டது. வெளியிலிருந்து கொடுத்த தூண்டுதல், உள்ளேயிருந்த விருப்பத்தை அரித்துவிட்டது. இனிப்புத் தருவதாகச் சொல்லித் தேவாரம் பாடவைத்த பிள்ளை, இனிப்பு நின்றதும் வாயை மூடிக்கொள்வதைப் பெற்றோர் அறிவர்.

இதில் தர்மம் பற்றிய குறையும் உண்டு. பயமுறுத்தி ஒருவரை நடக்கவைப்பவர் அவருடைய கால்களை இயக்குகிறாரே தவிர, அவருடைய விருப்பத்திற்கு மதிப்பளிக்கவில்லை. அறுபது வயதான ஒரு பெரியவரை, எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஒருவரை, சிறுபிள்ளை போல் நடத்துவதற்கு அவருடைய நன்மை என்ற காரணம் மட்டும் போதாது.

துணையின் வலிமை

அப்படியாயின் மூன்றாவது வழி எது? விட்டுவிடாமலும் விரட்டாமலும் துணை நிற்பது. இது இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம் அன்று. தனிவகையான ஒரு வேலை, கடினமான வேலையுங்கூட.

அதன் பலனுக்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் நீரிழிவு வருவதற்கான ஆபத்து நிலையில் இருந்த 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2002 இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு உடல் நிறையைச் சிறிது குறைப்பதும், கிழமைக்கு 150 நிமிடங்கள் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. அப்பிரிவினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு வழிகாட்டி நியமிக்கப்பட்டார். முதல் 24 கிழமைகளில் 16 தடவைகள் அவர் ஆளோடு ஆளாக அமர்ந்து பேசினார். மருந்தில்லாப் போலி மாத்திரை பெற்ற பிரிவினருடன் ஒப்பிட்டபோது, மாத்திரை உட்கொண்டோரிடையே நீரிழிவு 31 வீதம் குறைந்திருந்தது. வழிகாட்டியின் துணையோடு வாழ்க்கை முறையை மாற்றியவர்களிடையே அது 58 வீதம் குறைந்திருந்தது. அங்கும்கூட எல்லோரும் தொடர்ந்தார்கள் என்பதில்லை. நடை இலக்கை எட்டியோர் முதல் 24 கிழமைகளின் முடிவில் 74 வீதமாக இருந்து பின்னர் குறைந்தனர். தளர்ச்சி எங்கும் உள்ளது.

அருகிலுள்ள தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரிடம் செய்த ஆய்வு 2013 இல் வெளியாயிற்று. எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை கூறப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும் அதன்பின் கைத்தொலைபேசியில் ஒழுங்காகக் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. இரண்டு வருட முடிவில் செய்தி பெறாதவர்களில் 27 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் 18 வீதத்தினருக்கே வந்தது. இரு பகுதியினரும் கேட்ட உபதேசம் ஒன்றுதான். ஒரு பகுதியினரை மட்டும் ஒருவர் மறக்காமல் நினைவில் வைத்திருந்தார். தம்மை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதே மனிதருக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இதை அடியார்கள் ஏற்கனவே அறிவர். செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை பாதயாத்திரை போகின்ற கூட்டத்தில் வயதானவர்களும் நடக்கிறார்கள். ஊரிலே கடைத்தெருவுக்குப் போக முச்சக்கரவண்டி தேடுபவர், அங்கே கிழமைக்கணக்கில் நடக்கிறார். உடற்பயிற்சி என்று எண்ணி எவரும் அதற்குப் போவதில்லை. பக்தி முன்னே நடத்துகிறது என்பது முதலாவது காரணம். காலையில் எழும்பும்போது அருகில் எழும்ப ஒருவர் இருக்கிறார் என்பது இரண்டாவது காரணம்.

கேட்பதும் சொல்வதும்

துணை நிற்பவர் எவ்வாறு பேசவேண்டும்? இதுபற்றி வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர், மதுப்பழக்கத்திலிருந்து மீள முயன்றவர்களிடையே பணியாற்றிக் கண்டறிந்த முறையொன்றை 1983 இல் எழுதினார். ஸ்ரீபன் ரொல்னிக் என்பவருடன் சேர்ந்து 1991 இல் அதை நூலாகவும் விரித்தார். அதன் சாரம் எளியது. இரண்டு மனமாக இருக்கும் ஒருவரிடம், நீங்கள் செய்தே ஆகவேண்டும் என்று வாதாடினால், அவர் செய்ய முடியாமைக்குக் காரணங்களைத் தேடத் தொடங்குவார். தேடிச் சொல்லச் சொல்ல அவையே அவருக்கு உறுதியாகிவிடும். அதற்குப் பதிலாக, உங்களுக்கு ஏன் இது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால், செய்யவேண்டிய காரணத்தை அவரே சொல்வார். தன் வாயால் சொன்ன காரணம் பிறர் சொன்ன பத்துக் காரணங்களைவிட வலியது. பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தேர் பார்க்கவேண்டும் என்பது ஒருவருடைய காரணமாக இருக்கலாம். அது வைத்தியப் புத்தகத்தில் இல்லாத காரணம். அவரை நடக்கவைக்கப் போவது அதுதான்.

முன்னர் கூறிய ஆசிரியரைப் பயிற்சியாளர் ஒருநாள் சந்தையில் தற்செயலாகக் காண்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். “என்ன மாஸ்டர், இப்பிடி இடையில விட்டால் கட்டின காசு வீண்தானே” என்று கேட்கலாம். “மாஸ்டர், கன நாளாய்க் காணேல்லை. சுகமாய் இருக்கிறியளோ? நாளைக்கு ஒரு பத்து நிமிசம் எண்டாலும் சும்மா வந்திட்டுப் போங்கோ” என்றும் கேட்கலாம். இரண்டும் ஒரே விடயத்தைப் பற்றியவை. முதலாவது கேள்வி அவரை இன்னொரு தெருவுக்குத் துரத்தும். இரண்டாவது, அவர் திரும்பி வருவதற்குத் தேவையான ஒரே பொருளைக் கொடுக்கிறது. வெட்கப்படாமல் உள்ளே வர ஒரு வாசல்.

விட்ட நாள்

தொடர்ச்சி என்பதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். ஒருநாள் விட்டால் எல்லாம் போயிற்று என்று நினைப்பதே பலரை முற்றாக விடச்செய்கிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லலி என்பவரும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2010 இல் அச்சில் வந்தது. புதிய செயலொன்று தானாகவே நடக்கும் பழக்கமாக ஊன்றுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் சென்றன. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என மதிப்பிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியமை பழக்கம் ஊன்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை.

இந்த இரண்டு செய்திகளும் துணை நிற்பவருக்குப் பெரிய பாடங்கள். ஒருவருக்கு மூன்று கிழமையில் வருவது இன்னொருவருக்கு எட்டு மாதத்தில் வரலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பேசுதல் ஆகாது. தவறிய நாள் பாவம் அன்று. மழையினால் ஒருநாள் இறைப்பு நின்றால் தோட்டக்காரன் மண்வெட்டியைக் கிணற்றில் போட்டுவிடுவதில்லை. மறுநாள் போகிறான். தவறாமை மிகச் சிலருக்கே கைகூடும். தவறியபின் திரும்பி வருதல் எல்லோருக்கும் கூடியது. துணை நிற்பவர் போற்றவேண்டியது இந்தத் திரும்பி வருதலையே.

வசதி செய்யாத உபதேசம்

இன்னொரு பகுதியையும் மறைக்காமல் பேசவேண்டும். விடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று எண்ணுவது அநியாயம். ஒருவருக்கு முழங்கால் நோ இருக்கலாம். இன்னொருவர் படுக்கையிலுள்ள தாயைப் பார்ப்பவராக இருக்கலாம். முக்கியமாகப் பெண்களின் நிலை. நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்கிறார், கணவர் சொல்கிறார், வெளிநாட்டிலிருந்து மகனும் தொலைபேசியில் சொல்கிறார். அம்மா நடக்கப்போகும் அந்த அரை மணித்தியாலத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்பதை எவரும் சொல்வதில்லை. விடியற்காலையில் தெருவில் நாய். வெளிச்சம் இல்லை. தனியே நடந்தால் எங்கே போகிறாய் என்று கேட்க நாலுபேர். இத்தனையும் இருக்க, அந்தத் தாய்க்கு மனவுறுதி இல்லை என்று கூறுவது, வாய்க்காலை அடைத்துவிட்டுப் பயிர் வாடுகிறதே என்று பயிரைக் குறைசொல்வது போன்றது.

அடி எடுத்து வைப்பது அவரவர் பொறுப்பு. பாதையைச் செப்பனிடுவது சுற்றத்தார் பொறுப்பு. தேநீரைத் தானே போட்டுக்கொள்ளும் கணவர், தாயோடு சேர்ந்து நடக்கும் மகள், ஒரே நேரத்தில் புறப்படும் அயல்வீட்டுப் பெண்கள் நால்வர், இவர்கள் செய்யும் உதவிக்கு எந்த அறிவுரையும் ஈடாகாது. உழைப்பில் பங்கெடுக்காமல் உபதேசம் மட்டும் செய்பவருக்கு, கேட்பவர் தளர்ந்தார் என்று கோபிக்க உரிமை இல்லை.

எல்லையை அறிதல்

துணை நிற்பவருக்கும் சில எல்லைகள் உண்டு. முதலாவது, பொய் கூறலாகாது. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்றோ, பயிற்சி செய்தால் மாத்திரையே வேண்டாம் என்றோ சொல்லி ஒருவரை உற்சாகப்படுத்துவது, அவர் பிறகு மனமுடைவதற்கு இன்றே வித்திடுவதாகும். இரண்டாவது, தம் அறிவின் அளவை உணர்தல். நெஞ்சுநோவும் தலைச்சுற்றும் மூச்சு முட்டலும் வந்தால் இன்னும் கொஞ்சம் என்று ஊக்குவிக்கும் நேரம் அதுவன்று, வைத்தியரிடம் அனுப்பும் நேரம். இன்சுலின் எடுப்பவருக்குப் பயிற்சியின்போது குருதியில் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையலாம். நீரிழிவு உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர் வெறுங்காலோடு நடந்தால் சிறு காயமும் பெரும் புண்ணாகும். நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது, இவற்றை அறிந்தும் இருக்கவேண்டும்.

மூன்றாவது எல்லை மிகக் கடினமானது. எல்லாம் செய்தும் ஒருவர் வேண்டாம் என்று தெளிவாகக் கூறினால், அந்த வார்த்தைக்கு மதிப்பளிக்கவேண்டும். அதன்பின் வற்புறுத்துவது அன்பின் பெயரால் நடக்கும் ஆதிக்கமாகிவிடும். ஆயினும் மதிப்பளிப்பது வேறு, கைகழுவி விடுவது வேறு. வேண்டாம் என்றவரிடமும் சுகம் விசாரிப்பதை நிறுத்தவேண்டியதில்லை. வாசலைப் பூட்டவேண்டியதும் இல்லை.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஒருவர் தளர்ந்தால் அது அவருடைய தவறு மட்டும் என்பதும் சரியன்று, துணை நின்றவரின் தவறு மட்டும் என்பதும் சரியன்று. உறுதியை ஒருவர் இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்க முடியாது. அவருடைய உறுதி முளைக்கும்வரை பந்தலுக்கு ஊன்றிய கால்போல் நிற்க முடியும். அந்தப் பயிற்சியாளர் தமது வேலையில் வென்றாரா என்பதை அறிய வரவு இடாப்பைப் பார்க்கவேண்டியதில்லை. பயிற்சியாளர் ஊரில் இல்லாத ஒரு காலையிலும் அந்த ஆசிரியர் தாமாகவே எழும்பிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தால், அவர் வென்றுவிட்டார். தாம் தேவைப்படாத நாளை நோக்கி உழைப்பதே துணை நிற்பவரின் தர்மம். பிள்ளை வளர்க்கும் தாயும், எழுத்தறிவிக்கும் ஆசானும் செய்வது இதனையே.

திருவிழா முடிந்து கொடி இறங்கியபின் வரும் நாட்கள் வெறுமையாகத் தோன்றுவது வழக்கம். அந்நாட்களில் காலையில் வீதியில் நடப்பவர் ஒருவர், பக்கத்து வீட்டுப் படலையடியில் சற்று நின்று, வாருங்கள் போவோம் என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் அதுவும் ஒரு தொண்டே. முன்பு வந்து பின் நின்றவரின் படலையடியில் நின்று கூப்பிட்டால் அது இன்னும் பெரிய தொண்டு. அடியார்கள் அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற துணையும் பெற்று நீடூழி வாழ எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.